சித்தப்பாவின் ரோஸ் சட்டை

ஆகஸ்ட் 9, சனி

இந்த டைரி அப்பா கொண்டுவந்தது. மில்லில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே ஒரு ஹார்டுவேர் கடையில் வேலைக்குச் சேர்ந்துகொண்டவர் அவர். அந்தக் கடையில் வருஷா வருஷம் டைரி கொடுப்பார்கள். "நீ ஆபீஸ்ல இருக்கிறவன், எழுது" என்று என்னிடம் தருவார். நான் பீரோ மேல் போட்டுவிடுவேன். இன்று எடுத்ததற்குக் காரணம் சித்தப்பா. பதினாறாம் நாள் வரைக்கும் செய்ய வேண்டியதை எல்லாம் எழுதி வைக்கச் சொல்லிவிட்டார்.

அப்பா, பெயர் தவசிலிங்கம், வயது எழுபத்து மூன்று, வியாழக்கிழமை காலை ஐந்தேகாலுக்குத் தண்ணீர் பிடிக்கும்போது இறந்துபோனார். நாலு குடம் பிடித்து உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டார். ஐந்தாவதைக் குழாய்க்கு அடியில் வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். குடம் வழிகிற சத்தம் கேட்டு அம்மா, "தண்ணி வீணாப் போகுது, அங்க உக்காந்து என்ன யோசனை" என்று திட்டிக்கொண்டே வெளியே வந்தாள். அவரை அவள் கடைசியாகத் திட்டியது அதுதான். அதையே சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

செய்ய வேண்டியவை: பந்தல். சமையல்காரர். இலை. படத்திறப்புக்கு அப்பா படம், பெரிய சைஸ், சட்டம் போட்டது.

எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் பதினாறாம் நாள் விசேஷத்தில் படத்திறப்பு உண்டு. படத்தைத் துணி போட்டு மூடி வைப்பார்கள். பெரிய மனிதர் யாராவது திறப்பார். வீட்டுப் பெண்கள் விளக்கேற்ற, வந்தவர்கள் பூப்போட்டுவிட்டுப் பந்திக்குப் போவார்கள். இருக்கிற வேலைகளில் இதுதான் சுலபம் என்பதால் இதை நான் எடுத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் சித்தப்பா.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தேரடி முக்கில் வைத்திருக்கும் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில் இருப்பது அப்பா இல்லை. சித்தப்பா.

மூன்று நாளாக நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. சாவு வீட்டில் யார் ஃப்ளெக்ஸை நிமிர்ந்து பார்ப்பது? கோயில் கும்பாபிஷேகத்தில் எடுத்த ஒரு குரூப் படத்தை சித்தப்பா தன் போனிலிருந்து ஃப்ளெக்ஸ் கடை வின்சென்ட்டுக்கு அனுப்பி, "ஓரத்துல இருந்து ரெண்டாவது ஆளு" என்று சொல்லியிருக்கிறார். அப்பா இடது ஓரத்திலிருந்து இரண்டாவது, ஆனால் முன்னால் நிற்பவர் தூக்கிய கை அவர் முகத்தை மறைக்கிறது. சித்தப்பா வலது ஓரத்திலிருந்து இரண்டாவது. எந்த ஓரம் என்று அவரும் சொல்லவில்லை, வின்சென்ட்டும் கேட்கவில்லை.

இன்று காலை சித்தப்பா அந்த ஃப்ளெக்ஸுக்கு நேர் கீழே நின்று டீ கேட்டிருக்கிறார். டீக்கடைக்காரர் மேலே பார்த்தாராம், கீழே பார்த்தாராம், கிளாஸைக் கீழே போட்டுவிட்டாராம். அதற்குள் திருமங்கலத்திலிருந்து சித்தியின் அண்ணன் மாலையோடு பஸ் ஏறிவிட்டார்.

நான் வின்சென்ட்டைத் திட்டிக்கொண்டிருக்கும்போது சித்தப்பா ஃப்ளெக்ஸின் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன சித்தப்பா, கழட்டச் சொல்லட்டுமா?"

"கழட்டு. ஆனா கிழிச்சுராதடா நாகு. படம் நல்லா விழுந்திருக்கு. சுருட்டி எங்க வீட்டுப் பரண்ல போட்டுருவோம். தேதியை மட்டும் பின்னால மாத்திக்கலாம்."

சித்தப்பா கனகவேலுக்கு அறுபத்தெட்டு வயது. துக்க வீட்டுக்கும் கலர் சட்டைதான் போடுவார். அண்ணன் போனதிலிருந்து அவர் ஒருமுறைகூட அழவில்லை என்று சித்தி குறைபட்டுக்கொண்டாள். சுருட்டிய ஃப்ளெக்ஸைத் தோளில் வைத்துக்கொண்டு போகும்போது பின்னாலிருந்து பார்த்தால் அப்பா நடைதான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

படம் தேடினேன். சுலபம் என்று எழுதியிருந்ததை அடித்துவிடலாமா என்று பார்க்கிறேன்.

ரேஷன் கார்டில் அம்மா படம். ஓட்டுநர் உரிமம் எடுக்கவே இல்லை. நாற்பது வருஷம் டி.வி.எஸ். ஓட்டியிருக்கிறார். மில் அடையாள அட்டை கிடைத்தது. அதில் இருபத்து நாலு வயது அப்பாவின் ஒரு கண்ணும் ஒரு காதும் தெரிகிறது, மீதி முகத்தில் சீல். அம்மாவிடம் காட்டினேன். "இது நான் கட்டிக்கிட்ட ஆளு இல்லடா. இது அதுக்கு முந்தி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அம்மா அப்பா கல்யாணத்தில் போட்டோவே இல்லை. எடுக்க வேண்டியவர் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் வந்து சாப்பிட்டுப் போனாராம்.

ஆதார் படத்தை எடுத்துக்கொண்டு வின்சென்ட்டிடம் போனேன். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இதைப் போட்டா அஞ்சலி மாதிரி இருக்காது. தேடப்படுகிறார் மாதிரி இருக்கும்."

நான் விருதுநகரில் கருவூலத்தில் கண்காணிப்பாளர். புகைப்படம் தெளிவாக இல்லை என்று எத்தனை பென்ஷன்காரர்களின் மனுவைத் திருப்பி அனுப்பியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அதில் பாதிப் பேர் ஆதாரில் அப்பாவைவிட நன்றாக இருந்தார்கள்.

ராத்திரி சாப்பிடும்போது சுகந்தி கேட்டாள். "என்னங்க, நம்ம கல்யாண ஆல்பம் பீரோல இருக்கே. அதுல மாமா இருப்பாருல்ல?"

பீரோ சாவியைக் காணவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சமையல்காரர் வந்தார். முந்நூறு பேருக்கு என்று பேசியாகிவிட்டது. பரிமாற ஆள் வேண்டுமா என்று கேட்டார். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதே இல்லை.

சாவி இன்னும் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

போனில் இல்லாமலா போகும் என்று உட்கார்ந்தோம். என் போன், சுகந்தி போன், அம்மாவின் பழைய போன். என் மகள் நிலானிக்கு ஒன்பது வயது. தள்ளித் தள்ளிப் பார்க்க அவள் விரலுக்கு ஈடு கிடையாது.

கொடைக்கானல் போனதில் நாங்கள் எல்லாரும் இருக்கிறோம், அப்பா இல்லை. ராமேசுவரத்தில் இருக்கிறோம், அப்பா இல்லை. நிலானியின் எல்லாப் பிறந்த நாள்களிலும் கேக் இருக்கிறது, கத்தி இருக்கிறது, அப்பா இல்லை. ஏன் என்று எங்களுக்கு முதலில் புரியவில்லை. நிலானிதான் கண்டுபிடித்தாள்.

"அப்பா, எல்லா போட்டோலயும் மூலையில ரோஸா ஒண்ணு இருக்கு பாரு. தாத்தா கட்டைவிரல்."

உண்மைதான். எங்கே போனாலும் "நீங்க நில்லுங்க, நான் எடுக்கிறேன்" என்று போனை வாங்கிக்கொள்வார். எடுக்கத் தெரியாது. கட்டைவிரல் பாதிக் கண்ணாடியை மறைக்கும். "எல்லாரும் இருக்கோமா, எல்லாரும் இருக்கோமா" என்று கேட்டுக் கேட்டு எடுப்பார். அவரை விட்டுவிட்டுத்தான் அந்தக் கேள்வி என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

நிலானி எண்ணினாள். கட்டைவிரல் மட்டும் நூற்று நாற்பத்தாறு படத்தில் இருக்கிறது. முகம் ஒன்றில்கூட இல்லை. பக்கத்து வீட்டு நாய் பதினோரு படத்தில் இருக்கிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டதில் ஆளாளுக்கு ஆல்பத்தோடு வந்துவிட்டார்கள். வீட்டில் பதினேழு ஆல்பம்.

எல்லாக் கல்யாணத்திலும் அப்பா இருக்கிறார். எங்கே இருக்கிறார் என்பதுதான் பிரச்சனை. மணமேடையில் இல்லை. மாப்பிள்ளை பக்கத்தில் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில், சாம்பார் வாளியோடு, குனிந்தபடி, கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறார். ஒரு ஆல்பத்தில் முழங்கை. ஒரு ஆல்பத்தில் கரண்டியும் மணிக்கட்டும். காதுகுத்து ஒன்றில் வாளிக்குப் பின்னால் வேட்டி மட்டும். அம்மா அதையெல்லாம் அடையாளம் சொன்னாள். "இது உங்கப்பா முழங்கைதான். மில்லுல சூடு பட்ட தழும்பு இருக்குல்ல." படத்திலிருந்த அப்பா முதுகில் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

யார் வீட்டு விசேஷமானாலும் பந்தி அப்பா கையில்தான். யாரும் கூப்பிட வேண்டாம். மொய் எழுதுகிற இடத்துக்குக்கூடப் போகாமல் நேரே போய்ச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வாளியைத் தூக்கிவிடுவார். முதல் பந்தியின் கடைசி ஆளுக்குச் சாம்பார் வந்துவிட்டதா என்பதுதான் அவர் கவலை. பந்தியின் கடைசியில் உட்காருகிறவன் அழைப்பு இல்லாமல் வந்தவனாக இருப்பான், அல்லது பசியோடு வந்தவனாக இருப்பான், இரண்டு பேருமே வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள் என்பார். எனக்குச் சின்ன வயதில் அது பெருமையாக இருந்தது. பிறகு, வேலை கிடைத்த பிறகு, அவ்வளவு பெருமையாக இல்லை.

சுகந்தி மறுபடியும் எங்கள் ஆல்பம் பற்றிக் கேட்டாள். அதில் அப்பா இல்லை என்றேன். எனக்கு நன்றாகவே தெரியும், பார்க்க வேண்டிய அவசியமில்லை.

"டி.வி.டி. இருக்கே?"

டி.வி.டி.யில் பூஞ்சை பிடித்திருக்கும் என்றேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நிலானியின் பள்ளியில் கொடியேற்றம். துக்கத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டவள், இதற்குப் போயே தீருவேன் என்றாள். அணிவகுப்பில் அவள்தான் கடைசி வரிசைக்குத் தலைவியாம். நாலு வருஷமாக அவளைப் பள்ளியில் விடுவது அப்பா. இன்று நான்.

டி.வி.எஸ். எனக்கு ஸ்டார்ட் ஆகவில்லை. பதினைந்து மிதி மிதித்தேன். "தாத்தா அதுகிட்ட ஏதோ சொல்லுவாரு, அப்புறந்தான் மிதிப்பாரு" என்றாள் நிலானி. என்ன சொல்லுவார் என்று கேட்டேன். அது அவளுக்குத் தெரியாது. தள்ளிக்கொண்டு தெருமுனை வரை போனோம். அங்கே தானாகவே ஸ்டார்ட் ஆனது.

பள்ளி வாசலில் வாட்ச்மேன் நிலானியின் தலையைத் தடவிக் கொடுத்தார். என்னை உள்ளே விடவில்லை. டீச்சர் வந்தார்.

"நீங்க பாப்பாவுக்கு..."

"அப்பா."

"ஓ, ஊர்லதான் இருக்கீங்களா சார்? மீட்டிங்குக்கு எல்லாம் தாத்தாதான் வருவாரு. நாங்க நீங்க வெளிநாட்ல இருக்கிறதா நினைச்சுக்கிட்டோம்."

விருதுநகர் இருபது கிலோமீட்டர். எனக்கு வெட்கமாக இருந்தது. கொடியேற்றி முடிகிற வரைக்கும் வேப்பமரத்தடியில் நின்றேன். அப்பாவும் அங்கேதான் நிற்பாராம், பெல் அடிக்கிற வரைக்கும்.

ஆகஸ்ட் 16, சனி

பந்தல்காரர் வந்து அளந்து போனார்.

அம்மா கேட்டாள், "பீரோ சாவியத் தேடுறியாமே, சுகந்தி சொன்னா?"

"ஆமாம்மா. எங்க வெச்சேன்னு தெரியல."

"நீ எங்கடா வெச்ச. அது எப்பவும் என் இடுப்புலதான இருக்கு." எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். சாவி சட்டைப் பையில் இருக்கிறது. கனமான சாவி.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தலைவலி. ஒன்றும் செய்யவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

சித்தப்பா ஒரு தீர்வோடு வந்தார். கிளிப்பச்சைச் சட்டையில் வந்து, அப்பாவின் வெள்ளைச் சட்டை ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வின்சென்ட்டும் கேமராவோடு கூடவே வந்திருந்தான்.

"ஊரே என்னை எங்கண்ணன்னு நினைச்சு மூணு நாள் அழுதுச்சுல்ல? அப்புறம் என்ன? என்னையவே எடுங்க. மீசையை மட்டும் வெள்ளையாக்கி, கன்னத்தைக் கொஞ்சம் உள்ள தள்ளிட்டாப் போதும்ங்கிறான் வின்சென்ட்டு."

"ஆமாண்ணே" என்றான் வின்சென்ட். "உடம்பு வேற வேணும்னாலும் போட்டுக்கலாம். கோட்டு சூட்டு இருக்கு, பட்டுச் சட்டை இருக்கு. பின்னால அருவி வைக்கலாம்."

நாலு நாள்தான் இருக்கிறது. எனக்கு ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், சரி என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொல்லிவிட்டால் அந்தச் சாவிக்கு வேலை இல்லை. வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள்.

"பதினாறாம் நாளு என் புருஷன் படத்துக்கு விளக்கேத்துறதா, கொழுந்தனாரு படத்துக்கு விளக்கேத்துறதா?"

"மதினி, ஜாடை இருக்குன்னுதான்..."

"ஜாடை இருக்குன்னு நான் உங்களுக்கு விளக்கேத்தினா உங்க வீட்டுல ஒத்துக்கிடுவாகளா?"

சித்தப்பா எழுந்து அப்பா சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். அம்மா என்னைப் பார்த்தாள். "முகம் இல்லாத ஆளாடா உங்கப்பா? பீரோவத் திற."

திறந்தேன். டி.வி.டி.யில் பூஞ்சை இல்லை. வின்சென்ட் அதைப் பென் டிரைவில் ஏற்றித் தருவதாக வாங்கிக்கொண்டு போனான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

சாயங்காலம் டி.வி. முன்னால் எல்லாரும் உட்கார்ந்தார்கள். அம்மா, சுகந்தி, நிலானி, சித்தப்பா, வின்சென்ட். எனக்கு வேலை இருக்கிறது என்றேன். "என்ன வேலை, உக்காரு" என்றாள் அம்மா.

வீடியோ ஒரு ரோஜாப்பூவில் ஆரம்பித்தது. பூ விரிந்து உள்ளேயிருந்து நான் வந்தேன். பிறகு இரண்டு அன்னங்கள் நீந்தி வந்தன, ஒன்றின் முதுகில் சுகந்தி முகம், ஒன்றின் முதுகில் என் முகம். "இதெல்லாம் அன்னிக்கு எப்ப நடந்துச்சு?" என்று அம்மா கேட்டாள். நிலானி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா அவ்வப்போது வந்தார். முதுகு. வாளி. கை. ஒவ்வொரு தரமும் சித்தப்பா "அந்தா அண்ணே, அந்தா அண்ணே" என்று விரலை நீட்டினார். தாலி கட்டி முடிந்து போட்டோ எடுக்க ஆரம்பித்தார்கள். நான் எழுந்து, சத்தத்தைக் குறைக்கிறேன், அம்மாவுக்குத் தலை வலிக்கும் என்று ரிமோட்டைத் தேடினேன். ரிமோட் நிலானி கையில் இருந்தது.

மேளக்காரர்கள் காலையிலிருந்து மூச்சு விடாமல் வாசித்தவர்கள். அந்தப் பத்து விநாடிக்கு மட்டும் காபி குடிக்கப் போய்விட்டார்கள் போலிருக்கிறது. அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

போட்டோக்காரர் குரல்: "மாப்பிள்ளையோட அப்பா எங்க? கூப்பிடுங்க."

யாரோ: "பந்தியில இருக்காரு."

அப்புறம் என் குரல்: "அவரை விடுங்கண்ணே. சட்டை பூரா சாம்பாரா இருக்கும். எங்க ஆபீசர் கிளம்பணும்கிறாரு, அவரை முதல்ல எடுத்துருங்க."

கேமரா ஆபீசர் பக்கம் திரும்பியது. ஆபீசர் படியேற வந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால், முதல் படியில் ஒரு காலை வைத்தபடி, அப்பா நின்றுகொண்டிருந்தார். முகம் கழுவித் தலையைப் படிய வாரியிருந்தார். நெற்றியில் புதுத் திருநீறு. உடம்பில் ஒரு ரோஸ் கலர் சட்டை, வயிற்றுப் பக்கம் பித்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டு. நான் சொன்னது கேட்ட மாதிரிதான் இருந்தது. நேரே கேமராவைப் பார்த்தார். சிரித்தார். "எடுங்க, எடுங்க" என்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, காலைப் படியிலிருந்து எடுத்துக்கொண்டு ஆபீசருக்கு வழிவிட்டார். அவ்வளவுதான். பதினோரு விநாடி.

நிலானி, "அப்பா, அது உன் குரல்" என்றாள்.

சித்தப்பா டி.வி. பக்கம் குனிந்தார். 

"அது என் சட்டைடா."

திரும்பிப் பார்த்தோம்.

"வேகமா வந்தாரு. கனகு, உன் சட்டையைக் கழட்டு, என்னுதுல சாம்பார் கொட்டிருச்சு, போட்டோவுக்குக் கூப்பிடுவாகன்னாரு. கழட்டிக் குடுத்துட்டு நான் அடுப்படியில பனியனோட நின்னேன். அஞ்சு நிமிசத்துல வந்து திருப்பிக் குடுத்தாரு. அண்ணே, எடுத்தாச்சான்னு கேட்டேன். எடுத்தாச்சுடான்னாரு. வாளியத் தூக்கிட்டுப் போயிட்டாரு." சித்தப்பா மூக்கை உறிஞ்சினார். "எடுத்தாச்சுன்னுதான் நான் இத்தனை வருசமா நினைச்சுக்கிட்டு இருக்கேன்." அப்புறம் பன்னிரண்டு நாளாக வராதது மொத்தமாக வந்துவிட்டது. வின்சென்ட் அவரைப் பிடித்துக்கொண்டான்.

நான் ஒன்றை இதில் எழுதியே ஆக வேண்டும். அன்று மேடையில் அந்த வார்த்தையைச் சொல்லி முடித்துத் திரும்பும்போது, படியிலிருந்து ஒரு ரோஸ் சட்டை விலகிப் போனதை நான் பார்த்தேன். சித்தப்பா என்று நினைத்தேன். சித்தப்பாதான் ரோஸ் போடுவார். வின்சென்ட்டைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அவன் மூன்று நாள் ஆளை மாற்றி வைத்தான். நான் பன்னிரண்டு வருஷம். சில சமயம், சித்தப்பா அவ்வளவு ஒல்லியாக இருந்தும் சட்டை ஏன் அப்படி இழுத்துக்கொண்டு போனது என்று தோன்றும். தோன்றினால் வேறு எதையாவது யோசிப்பேன்.

"நீ சொன்னது தப்புதான்" என்றாள் அம்மா. என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "நல்ல நாளும் அதுவுமா அவரைப் போயி அப்படிச் சொல்லியிருக்க. அழுறதுன்னா அழுதுக்க. பாப்பா, நீ திருப்பிப் போடு, தாத்தா சிரிக்கிறதைப் பாக்கணும்."

நிலானி திருப்பிப் போட்டாள். அப்பா முகம் வர வேண்டுமென்றால் அதற்கு முன்னால் என் குரல் வந்தாக வேண்டும். அவரை விடுங்கண்ணே, சட்டை பூரா சாம்பாரா இருக்கும். அப்பா சிரித்தார். "இன்னொருக்கா" என்றாள் அம்மா. அவரை விடுங்கண்ணே. எதிர்வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்காக ஒருமுறை. பால்காரர் வந்தார். அவருக்காக ஒருமுறை. இருபது தரத்துக்குக் குறையாது. எட்டு மணிக்குள் தெருவில் எல்லாருக்கும் நான் சொன்னது மனப்பாடமாகிவிட்டது. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சுகந்தி மட்டும் காபி கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

ஆகஸ்ட் 20, புதன்

வின்சென்ட் கடையில் அந்த ஒரு நொடியைப் பிடித்து நிறுத்தினோம்.

"அண்ணே, சட்டையை வெள்ளையாக்கிருவோமா? அஞ்சலிக்கு ரோஸ் கொஞ்சம் எடுப்பா இருக்கும்."

வேண்டாம் என்றேன்.

"கையைத் தூக்கியிருக்காரே, ஓட்டு கேக்கிற மாதிரி இருக்கு. கையை எடுத்துட்டு மாலை போட்டுருவோமா?"

அதுவும் வேண்டாம் என்றேன்.

"அருவி?"

வின்சென்ட்டுக்கும் தொழில் பக்தி என்று ஒன்று இருக்கிறது. பின்னால் லேசாக நீலம் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இலை வந்தது. இலைக்கட்டுகளில் பாதி கிழிசல். அப்பா இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார். நான் திருப்பி அனுப்பினேன்.

சட்டம் போட்ட படமும் வந்தது. அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். "ரோஸ் நல்லாத்தான் இருக்கு. ஒருநாளும் போட்டுக்கிட்டதில்ல பாரு" என்றாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

விசேஷம் முடிந்தது. உடம்பெல்லாம் வலி, ஆனாலும் எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

பதினொரு மணிக்கு வார்டு கவுன்சிலர் துணியை விலக்கினார். ரோஸ் சட்டையில் கையைத் தூக்கிச் சிரிக்கிற அப்பாவைப் பார்த்ததும் அவருக்கும் கை தானாக மேலே போய்விட்டது. தெருக்காரர்கள் யாரும் ஏன் கை, ஏன் ரோஸ் என்று கேட்கவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு அவர்களே ஓரமாகக் கூட்டிப் போய்ச் சொன்னார்கள். சொல்லிவிட்டு என்னையும் காட்டினார்கள். அம்மா விளக்கேற்றினாள். 

நான் படத்துக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டுக்கொண்டிருக்க வேண்டியவன். பந்தியிலிருந்து ஒரு மாதிரி சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். முன்வரிசையில் ரசத்துக்கு வந்துவிட்டார்கள். கடைசி வரிசையில் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பரிமாற வந்த பையன்கள் ஒரு பக்கமாகவே ஓடிக்கொண்டிருந்தார்கள். யாரையாவது கூப்பிடலாம் என்றுதான் உள்ளே போனேன். கூப்பிடுகிற நேரத்தில் ஊற்றிவிடலாம் என்று வாளியைத் தூக்கினேன். சாம்பார் வாளி அவ்வளவு கனம் என்று எனக்கு நாற்பத்து மூன்று வயதில்தான் தெரிகிறது. மூன்றாவது இலையிலேயே சட்டையில் கொட்டிக்கொண்டேன். இரண்டாம் பந்தியில் கொஞ்சம் பழகிவிட்டது.

அப்போது பந்தலில் மைக் கரகரத்தது. வின்சென்ட் குரல்: "குடும்பத்தார் எல்லாரும் படத்துக்கு முன்னால வந்து நில்லுங்க. சார் விருதுநகர் திரும்பணுமாம், சாரை வெச்சு முதல்ல ஒண்ணு எடுத்துருவோம்." சார் என்றால் இப்போதைய எங்கள் ஆபீசர். மாலையோடு வந்திருந்தார்.

மைக்கை யாரோ பிடுங்குகிற சத்தம். பிறகு நிலானி.

"அப்பா, எங்க இருக்க? போட்டோ எடுக்கணும், வா. நீ வந்தாத்தான் எடுப்போம். அங்கிள், நீங்க கொஞ்சம் நில்லுங்க, எங்கப்பா வரட்டும்."

பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாளியோடு அப்படியே நின்றேன்.  கடைசி வரிசையில் ஒருவர், "போங்க தம்பி, எனக்குச் சாம்பார் வந்துருச்சு" என்றார்.

சித்தப்பா எங்கிருந்தோ வந்து நின்றார். கிளிப்பச்சைச் சட்டையின் பித்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"வாளியக் குடு. இதைப் போட்டுக்கிட்டுப் போ."

"பரவால்ல சித்தப்பா, இருக்கட்டும்."

"போடுடா."

போட்டேன். வயிற்றுப் பக்கம் பித்தான் இழுத்துப் பிடித்தது. ஓடினேன். ஆபீசர் நின்றுகொண்டிருந்தார். அம்மா, சுகந்தி, எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். அம்மாவுக்கும் சுகந்திக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் விட்டிருந்தார்கள். நிலானி என் கையைப் பிடித்து அங்கே நிறுத்தினாள். பின்னால் அப்பா கையைத் தூக்கி, எடுங்க எடுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். வின்சென்ட் எடுத்தான்.

திரும்பிப் போனபோது சித்தப்பா பனியனோடு கடைசி வரிசையில் குனிந்து ஊற்றிக்கொண்டிருந்தார். சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு சித்தப்பா."

அவர் நம்பவில்லை. வாளியை என் கையில் கொடுத்துவிட்டு, பனியனோடேயே பந்தல் முழுக்க நடந்துபோய், வின்சென்ட்டிடம் கேமராவை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து நான் இருக்கிறேனா என்று பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் சட்டையை மாட்டினார்.